மீரான் வாங்கிய பிராசசர்

"தீப்பெட்டி அளவுகூட இல்லாத சாமான். அதை மாத்த போர்டையும் மாத்தணும், ரேமையும் மாத்தணும்னா யாருட்ட கதை விடுதீங்க?"

தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகும் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்து தெரியாமல் போனதால் போன வருடம் வேலையை விட்டேன். இப்போதும் கடையில் இருக்கிற பிள்ளைகள் போன் பண்ணுவார்கள். "ஜெயசீலி அக்கா, கஸ்டமர் சண்டைக்கு நிக்காரு. என்ன சொல்லி அனுப்ப?" என்பார்கள். இரண்டு வரியில் ஒரு பதில் சொல்லி வைப்பேன். சொல்லாமல் விட்டது ஒன்று எப்போதும் மிச்சம் இருக்கும். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அதை மூடிய பிறகு இந்தக் கடைக்கு பில் போட வந்தேன். குற்றாலச் சீசன் நேரத்தில் ஆள் போதாமல் ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் யாரும் அதைத் திருப்பி வாங்கவில்லை. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

கடை முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி. வந்தவர்கள் முகத்தைப் பார்த்து அவர் பேசிய நினைவே எனக்கு இல்லை. கேபினெட்டை, அதாவது கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவார். இனிமையாக ஒரு சொல் வராது. ஆனால் ஒரு முறை வைத்திருந்தார். யார் எந்த பிராசசரைக் கேட்டாலும் முதலில் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுவார். மேஜையில் தினத்தாளை விரித்து, பெட்டியைச் சாய்த்துப் படுக்கப்போட்டு, உள்ளே இருக்கிற இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, டார்ச் அடித்து போர்டின் பெயரைப் படிப்பார். பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு ரிவிஷன் நம்பர் இருக்கும். அதையும் படிப்பார். பிறகு ரேமைக் கழற்றி அதன் விளிம்பில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு போர்டு கம்பெனியின் இணையதளத்தில் இந்த போர்டு எந்தெந்த பிராசசரை ஏற்கும் என்று தேடுவார். இத்தனையும் முடிகிறவரை எதிரில் நிற்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பதில் கிடைக்காது. 'முடியாது' என்ற வார்த்தையையும் அவர் சொன்னதில்லை. "இது இதுக்கு இல்ல" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர், சீசன் தொடங்குகிற சமயத்தில் தானே திருநெல்வேலிக்குப் போய் பிராசசர் வாங்கிவந்தார். அந்தக் காலத்துப் பிராசசர்களில் பின் என்கிற ஊசிக் கால்கள் அடியிலேயே இருக்கும். மூலை பொருந்தவில்லை. "கொஞ்சம் அமுக்குனா எறங்கும்லா?" என்றார். "எறங்கும். அப்புறம் எந்திரிக்காது" என்றார் அண்ணாச்சி, கேபினெட்டைப் பார்த்து. லாட்ஜ்காரர் கோபித்துக்கொண்டு போய்த் தானே அமுக்கினார். அந்த சீசன் முழுக்க அவர் வரவேற்பறையில் கையால்தான் பில் எழுதினார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மீரான் வீட்டுக் காரியம் வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு நின்றுவிட்டது.

அதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிராசசர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, ஆனால் போர்டில் சாக்கெட் என்கிற இடத்தில் உட்காராமல் அது தனியாக இயங்காது. அதற்கு எந்தக் காலில் எவ்வளவு கரண்டு போகவேண்டும் என்று போர்டில் தடம் போட்டிருக்கும். புதுப் பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள் கூடும்போது அதிகக் கரண்டு வேண்டியிருக்கிறது. பழைய தடம் தாங்காது. முன்பெல்லாம் ரேமோடு பேசுகிற பகுதி போர்டில் இருந்தது, இப்போது அது பிராசசருக்குள்ளேயே போய்விட்டது. ஆகவே எந்த வகை ரேம் என்பதை பிராசசர்தான் தீர்மானிக்கிறது. ஒரு வகை ரேமின் வெட்டு இருக்கும் இடத்தில் அடுத்த வகைக்கு இருக்காது, மாற்றிச் செருக முடியாது. கடைசியாக, போர்டில் இருக்கிற பயாஸ் என்கிற சிறு நிரலுக்குப் புதுப் பிராசசரை அடையாளம் தெரியவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கம்பெனிக்கு இதில் வியாபாரமும் உண்டு. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம். கடையத்திலிருந்து சுலைமான் என்ற பையன் கடைக்கு வந்தான். பையன் என்றால் கல்யாண வயது. கையில் சீல் உடைக்காத ஒரு பிராசசர் அட்டைப்பெட்டி.

"அண்ணன் சாமானோட வந்தது அண்ணாச்சி. மதினிக்கு வாங்கி வச்சிருந்திருக்கான். இதை மாட்டித் தரணும்" என்றான்.

அவன் அண்ணன் மீரான் சவூதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியன். வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்து இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவர் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாலைந்து சட்டை, ஒரு செண்டு பாட்டில், இந்த அட்டைப்பெட்டி. மதினி சமீமா வீட்டிலிருந்தே கொச்சியில் ஒரு கட்டட நிறுவனத்துக்குப் படம் போட்டுக்கொடுப்பவள். அவர்கள் அனுப்பும் வரைபடத்தை, கட்டி முடித்த வீடு மாதிரி கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டவேண்டும். அந்த நிறுவனம் மென்பொருளைப் புதுசாக்கியதிலிருந்து அவளுடைய பழைய மிஷின் திணறிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பெட்டி எங்கன இருக்கு?"

"வீட்டுல."

"கொண்டாங்க."

மறுநாள் பைக்கில் கட்டிக் கொண்டுவந்தான். தினத்தாள், டார்ச், ரிவிஷன் நம்பர், ரேமின் வெட்டு எல்லாம் வழக்கம்போல நடந்தது. இணையதளத்தில் அண்ணாச்சி ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். அது அவர் செய்யாத காரியம்.

"இது இதுக்கு இல்ல."

"நல்லாப் பாருங்க. சாக்கெட் நம்பர் ரெண்டுலயும் ஒன்னுதான். கால் எண்ணிக்கையும் ஒன்னு. நானும் நெட்டுல பாத்துட்டுத்தான் வாரேன்."

"நம்பர் ஒன்னுதான். தலைமுறை வேற. இந்த பிராசசருக்கு அடுத்த போர்டு வேணும். அந்த போர்டுல இந்த ரேம் ஏறாது."

சுலைமானின் முகம் கறுத்தது. "ஒவ்வொன்னா எல்லாத்தையும் வாங்க வைக்கப் பாக்குதீக. செத்தவன் வாங்கினதுன்னு தெரிஞ்சும் இப்படிப் பேசுதீகளே."

அண்ணாச்சி கேபினெட்டின் மூடியைத் திருகி மூடினார். அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணனுடைய முகத்தைக் கடைசியாக ஒரு தடவைகூடப் பார்க்காதவன். அவனால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தச் சாமானை மாட்டி ஓட வைப்பது. வேறொரு கடைக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள், சாக்கெட்டில் உட்காருகிறது, மாட்டிவிட்டார்கள். நிஜமாகவே உட்காரும். திரை வரவில்லை. கழற்றி மாட்டினார்கள், மறுபடி கழற்றி மாட்டினார்கள்.

சில நாள் கழித்துக் கடை போனுக்கு ஒரு பெண் பேசினாள். "அக்கா, நான் கடையத்துல இருந்து சமீமா. இப்ப பழைய பிராசசரைத் திரும்ப மாட்டினாலும் மிஷின் வரல. நான் இத்தாவுல இருக்கேன், வெளிய வர முடியாது. ஆம்பளையாளை உள்ள விட மாட்டாக. நீங்க இங்கன வர முடியுமா?"

இத்தா என்றால் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய காலம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "கண்ணாடியையும் ஊசியையும் எடுத்துக்க" என்றார்.

கடையத்தில் அந்த வீட்டுக் கதவை மாமியார் திறந்தார். பேசவில்லை, உள்ளறையைக் கைகாட்டினார். சமீமா வெள்ளைத் துப்பட்டாவோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். மேஜையில் பெட்டி திறந்து கிடந்தது.

பூதக்கண்ணாடியை வைத்து சாக்கெட்டைப் பார்த்தேன். இந்தக் காலத்து சாக்கெட்டில் கால்கள் போர்டின் பக்கம்தான் இருக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். நாற்றங்கால் மாதிரி வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். இங்கே ஒரு மூலையில் நாற்றுக்குள் மாடு புகுந்த மாதிரி இருந்தது. பிராசசரை நேராகத் தூக்காமல் இழுத்திருக்கிறார்கள். ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை. நிமிர்த்திக்கொண்டே வந்ததில், மூலையில் சில கால்கள் அடியோடு முறிந்துபோயிருப்பது தெரிந்தது. முறிந்ததை நிமிர்த்த முடியாது.

"போர்டு போச்சும்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அக்கா, ஒன்னு கேக்கட்டா? அவுக தப்பா வாங்கிட்டாகளா?"

"ஏன் அப்படிக் கேக்க?"

"தம்மாம்ல கடைக்குள்ள நின்னுக்கிட்டே போன் பண்ணுனாக. சாக்கெட் நம்பர் என்னன்னு கேட்டாக. நான்தான் பாத்துச் சொன்னேன். அந்த நம்பர் போட்டதுதானே வந்துருக்கு?"

"அந்த நம்பர்தான்."

"அப்ப நான் சொன்னதுதான் தப்பா?"

"ரெண்டு பேரு மேலயும் தப்பில்லம்மா. கம்பெனிக்காரன் அதே நம்பர்லயே ரெண்டு தலைமுறை விட்டுருக்கான். கால் எண்ணிக்கை ஒன்னு. எந்தக் காலுல கரண்டு வரணுங்கிறதை மட்டும் மாத்திட்டான். நம்பரைப் பாத்து வாங்கின யாரும் இதைத்தான் வாங்குவாங்க. அவரு வாங்கினது நல்ல சாமான். உன் போர்டு அதுக்கு முந்தினது, அவ்வளவுதான்."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை அவுகளுக்கு லீவு. ரெண்டு மாசமா வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போனாக. இந்த வெயில்ல ஏன் போறீகன்னு கேட்டேன். 'உன் மிஷின் நிக்குதுன்னு அழுதியேட்டி'ன்னாக. விழுந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான் அக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது. என் கையில் ஊசி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோது கதவருகே மாமியார் காபியோடு நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் எதுவும் இல்லை. காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கடைக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே திருநெல்வேலி டீலருக்குப் போன் போட்டு, அந்தத் தலைமுறைக்கு ஏற்ற போர்டும் அதற்கான ரேமும் அனுப்பச் சொன்னார். போர்டு உடனே கிடைக்கவில்லை. வந்துசேர்ந்த அன்று சுலைமானும் வந்தான். படியேறாமல் வாசலிலேயே நின்றான்.

"நான் அன்னைக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாது அண்ணாச்சி."

"பேசினது கெடக்கட்டும். பிராசசரை எங்கன வச்சிருக்கீக?" என்றார் அண்ணாச்சி, புது போர்டின் அட்டையைப் பிரித்தபடி. "அடிப்பக்கம் கைபடாம இருக்கணும். தம்பி உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க." அவர் யாரையும் உள்ளே வரச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நானே கடையத்துக்குப் போய்ப் பொருத்தினேன். பிராசசரின் அடியில் தங்க நிறப் புள்ளிகளில் விரல் தடம் இருந்தது. துணியால் ஒற்றி எடுத்தேன். ஓரத்தில் இருக்கிற சின்ன முக்கோணத்தைப் பார்த்து, இரண்டு விரலால் நேராகப் பிடித்து இறக்கினேன். அழுத்தவே கூடாது, அது தன் கனத்திலேயே உட்காரவேண்டும். உட்கார்ந்தது. லீவரைத் தாழ்த்தி, சூட்டைக் கடத்தும் பசை வைத்து, ஃபேனை முறுக்கி, புது ரேமைச் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. முதல் பக்கத்தில் பிராசசரின் பெயர் ஓடியது. சமீமா அந்த வரியை விரலால் தொட்டாள். "ஓடுது மாமி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அன்று மாலையே கொச்சிக்குப் பேசியிருக்கிறாள். அவர்கள் காத்திருக்கவில்லை. அவளுடைய வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துவந்த வேலை. மனிதர்கள் மோசமில்லை, துக்கம் விசாரித்தார்களாம். அடுத்து ஏதாவது வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். சொல்லவே இல்லை.

இத்தா முடிந்ததும் சமீமா வாசுதேவநல்லூரில் தன் உம்மா வீட்டுக்குப் போவதென்று முடிவானது. அந்த வாரம் சுலைமான் எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. ஒரு சாமானைக் கழத்தணும்."

போனேன். மாமியார் அன்றைக்குத்தான் என்னிடம் முதல்முறையாகப் பேசினார்.

"அந்தப் பெட்டி அவ கொண்டுவந்தது. அவ எடுத்துட்டுப் போகட்டும். எம்பிள்ளை வாங்கினதை மட்டும் எனக்குக் கழத்திக் குடுத்துரு தாயி."

"உம்மா, அதைக் கழத்திட்டா அவங்களுக்கு மிஷின் ஓடாது" என்றான் சுலைமான்.

"அவன் முகத்தைக் காட்டினீங்களா எனக்கு? அவனை அடக்கின மண்ணையாவது காட்டினீங்களா? சட்டையை ஆளுக்கொன்னா எடுத்தீங்க. எனக்குன்னு அவன்ட்ட இருந்து என்ன வந்துருக்கு?"

நான் சமீமாவைப் பார்த்தேன். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "குடுத்துருங்க அக்கா" என்றாள்.

மாட்டியதைவிட நிதானமாகக் கழற்றினேன். ஃபேனைச் சுழற்றி எடுத்து, பசையைத் துடைத்து, லீவரைத் தூக்கி, நேராக மேலே எடுத்தேன். மாமியார் கையை நீட்டினார். உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேறென்னவோ எதிர்பார்த்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அட்டைப்பெட்டிதான் பெரிது. உள்ளே இருக்கும் சாமானை அதுவரை அவர் பார்த்ததில்லை.

"இம்புட்டுதானா?" என்றார். பிறகு மெதுவாக, யாரிடம் என்றில்லாமல், "இதுக்கா போனான்?" என்றார். கை மூடிக்கொண்டது. சமீமா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

உயிரில்லாத பெட்டியோடுதான் அவள் வாசுதேவநல்லூர் போனாள். போர்டு இருந்தது, ரேம் இருந்தது, நடுவில் சாக்கெட் காலியாக இருந்தது. ஊரடங்கு எல்லாம் முடிந்த பிறகு, எக்ஸ்சேஞ்சில் வந்த ஒரு பழைய பிராசசரை அண்ணாச்சி எடுத்து வைத்திருந்து என்னிடம் கொடுத்து அனுப்பினார். அதே தலைமுறை, ஆனால் வேகம் ரொம்பக் குறைந்தது. அதை மாட்டிக்கொடுத்தேன். அதை வைத்து அக்கம்பக்கத்து இன்ஜினீயர்களுக்கு வீட்டு பிளான் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். இப்போது படம் கேட்பவர்கள் எல்லாரும் புது மென்பொருளில்தான் கேட்கிறார்கள். மிஷின் பாதியில் நின்றுவிடுகிறது. பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டிப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை.

"இந்த பிராசசரால இனிமே இழுக்க முடியாது சமீமா. புது போர்டு, ரேம், பிராசசர் மூணையும் சேத்து மாத்திரலாம். அதான் நல்லது."

அவள் பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி வச்சிருக்காகளே, அது இத்தனை வருசம் சும்மா கெடந்தும் ஓடுமா அக்கா?"

"ஓடும். தேயுற சாமான் இல்ல அது."

"இதுல ஏறும்லா?"

"இதுல ஏறும்."

"புது போர்டுல?"

"ஏறாதும்மா" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

"மாமிகிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேக்க மாட்டேன் அக்கா. பாவம், அவுகளுக்கும் வேற என்ன இருக்கு." மூடியை எடுத்துத் தானே பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கையால் முடுக்கினாள். "மெதுவா ஓடினா ஓடட்டும். இந்த போர்டே இருக்கட்டும்."